குடம் தரையில் இருக்கிறதா?

போன மாதம் கிண்டியில் ஒரு பயிற்சி வகுப்பில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வேலை பார்த்தது தண்ணீர் இலாகாவில். புதிதாகச் சேர்ந்த பொறியாளர்கள் நாற்பது பேருக்கு, லாரித் தண்ணீர் விநியோகத்தில் வரும் தகராறுகளைச் சமாளிப்பது எப்படி என்று சொல்ல வேண்டும். ஓய்வு பெற்று மூன்று வருஷமாக வீட்டில் யாரும் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பதில்லை. அதனால் சந்தோஷமாகவே போனேன்.

நான் ஆரம்பிப்பதற்கு முன்பே ஓர் இளைஞர் கையைத் தூக்கினார். "மேடம், இப்ப தொட்டிக்கெல்லாம் சென்சார் வந்தாச்சு. லாரி எங்க வருதுன்னு போன்லயே தெரியுது. அதுக்கு மேலயும் அடிச்சுக்கறாங்கன்னா அது மனுஷ சுபாவம். நிரந்தர சமாதானம் எல்லாம் மேடைப் பேச்சுக்குத்தான் மேடம்." வகுப்பே சிரித்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவது ஒன்றும் அதிசயமில்லை, என் வீட்டுக்காரரைக் கேட்டால் விலாவாரியாகச் சொல்வார். ஆனால் முப்பத்திரண்டு வருஷம் குடங்களுக்கு நடுவே நின்றவளிடம் வந்து சமாதானம் நடக்காத காரியம் என்றால் எப்படி இருக்கும்? தயாரித்துக்கொண்டு போன காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, கஸ்தூரி, தேசம்மா என்ற இரண்டு பெண்களின் கதையைச் சொன்னேன். முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டார்: "அந்த சமாதானம் நீடிச்சுதா மேடம்?"

தெரியாது என்றேன். மாறுதலாகி வேறு டிப்போவுக்குப் போய், அங்கிருந்தே ஓய்வு பெற்றுவிட்டேன். அவர்கள் இருந்த ஆற்றங்கரைக் குடியிருப்பையும் காலி செய்து ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய பதில்தான் இந்தக் கட்டுரை.

நான் வேலையில் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு டிப்போவில் இளநிலை உதவியாளர். முதல் ஆறு வருஷம் புகார் எழுதியே கை தேய்ந்தது. தண்ணீர் வரவில்லை, வந்தது நாறுகிறது, பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார். இந்த மூன்று புகாரைத்தான் எல்லோரும் எழுதினார்கள். மாடிவீட்டுக்காரர் நான்கு பக்கம் எழுதுவார், குடிசைக்காரர் நேரில் வந்து கத்துவார், வித்தியாசம் அவ்வளவுதான். அபிராமபுரத்தில் நான் இப்போது குடியிருக்கும் அடுக்ககத்தில் யாரும் குடத்தைத் தூக்கிச் சண்டை போடுவதில்லை. வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். டேங்கர் தண்ணீரை யார் அதிகம் செலவழித்தார்கள் என்ற பேச்சில் இரண்டாம் மாடியும் நான்காம் மாடியும் ஒரே லிப்டில் ஏறுவதை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. ஆகவே இதைக் குடிசைப் பகுதிக் கதை என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

சமாதானம் என்றால் என்னவென்று நான் முதலில் தப்பாகக் கற்றுக்கொண்டது தி.நகரில். ஒட்டி ஒட்டி இரண்டு கடைகள், ஒன்று ஜவுளிக்கடை, இன்னொன்று பாத்திரக்கடை. முதலாளிகள் இரண்டு பேரும் தெற்கே ஒரே ஊர்க்காரர்கள். கழிவுநீர்க் குழாய் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். அடைத்தது யார் என்று இரண்டு வருஷமாக வழக்கு. "துணி வேஸ்ட எல்லாம் குழாயில தள்ளுதது அவருதான்" என்பார் பாத்திரக்காரர். "ஏன், பாத்திரம் கட்டி வார வைக்கோல அவரு தள்ளலையாக்கும்?" என்பார் ஜவுளிக்காரர். அப்போதிருந்த எங்கள் அதிகாரிக்கு விழா என்றால் உயிர். இரண்டு பேரையும் உட்கார வைத்து, இருவருக்கும் சால்வை போர்த்தி, கைகொடுக்கச் சொல்லி, போட்டோ எடுத்து, மிக்சரும் டீயும் கொடுத்து அனுப்பினார். பதினைந்தாம் நாள் மறுபடி அடைப்பு. எங்கள் ஆட்கள் குழாயைக் குத்தி இழுத்தபோது வெளியே வந்தது அந்தச் சால்வை. யாருடையது என்று இன்றுவரை தெரியாது. இரண்டையும் ஒரே நிறத்தில் வாங்கியிருந்தோம்.

நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் பாடம் படித்தேனா என்றால் இல்லை. கைகொடுக்க வைத்தால்தானே பிரச்சினை, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதபடி பிரித்து வைத்துவிட்டால் சண்டை வராது என்று ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அந்தப் புத்திசாலித்தனத்துக்கு இன்னொருத்தி கண்ணைக் கொடுத்தாள்.

அது பெரிய வறட்சி வந்த வருஷம். ஏரிகள் வற்றி, குழாயில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் அடையாற்றுப் பக்கம் ஒரு டிப்போவில் லாரி விநியோகத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். எந்த லாரி எந்தத் தெருவுக்கு எத்தனை நடை என்பதெல்லாம் என் கையில். எனக்கு மேலே உதவிப் பொறியாளர் இளவழகன். என்னைவிட எட்டு வயது சின்னவர். நேரடியாகத் தேர்வு எழுதி வந்தவர் என்பதால் ஆரம்பத்தில் எனக்கு அவர்மேல் கொஞ்சம் இளக்காரம் இருந்தது, ஒளிக்க மாட்டேன்.

அவர் ஒரு மாதிரியான மனிதர். கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. காது கேட்கவில்லையோ என்று நாம் மறுபடி வாயைத் திறக்கும்போது பதில் வரும். எப்போதும் சட்டைப்பையில் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர் வைத்திருப்பார். எந்தத் தெருவுக்குப் போனாலும் லாரியின் ஹோஸிலிருந்து முதல் டம்ளரைப் பிடித்து, எல்லோரும் பார்க்க, தான் குடிப்பார். அதன் பிறகுதான் தொட்டிக்குத் திறந்துவிடச் சொல்வார். யாராவது நாற்காலி கொண்டுவந்து போட்டால் அதில் தன் பையை வைத்துவிட்டு நிற்பார்.

தெருவில் சண்டை என்று டிரைவர் போன் செய்தால் யார், என்ன, எதற்கு என்று எதுவும் கேட்க மாட்டார். ஒரே கேள்விதான். "குடம் தரைல இருக்கா, கைல இருக்கா?"

தரையில் என்றால், "சரி, பேசட்டும்" என்று வைத்துவிடுவார். கையில் என்றால் ஸ்கூட்டரை எடுப்பார். "பிளாஸ்டிக் குடம்னா சத்தம்தான் மேடம். எவர்சில்வர் குடத்தோட விளிம்பு கத்தி மாதிரி. வாய் என்ன வேணா பேசட்டும், அத நம்மால நிறுத்த முடியாது. குடம் மட்டும் கீழ இருந்தா போதும்" என்பார். நடந்தே போனாலும் இவருக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்துவிடுவேன், இந்த நிதானத்தை வைத்துக்கொண்டு இவர் என்ன செய்யப் போகிறார் என்று நினைத்திருக்கிறேன்.

ஆற்றங்கரையில் இரண்டு சந்துகள். கொஞ்சம் ஏற்றத்தில் இருந்தது மேட்டுத் தெரு, தண்ணீரை ஒட்டி இருந்தது பள்ளத் தெரு. சேர்ந்து நூற்றைம்பது குடும்பம். இரண்டு சந்தும் சேரும் முனையில் ஒரு பெரிய கறுப்புத் தொட்டி, நான்கு குழாய். மேட்டுத் தெருவில் கஸ்தூரி. அடையாறு பஸ் டிப்போ பக்கம் இட்லிக்கடை போட்டிருந்தாள். பள்ளத் தெருவில் தேசம்மா. அபிராமபுரத்தில் ஐந்து வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் விஷயத்தில் இரண்டு பேரும்தான் அவரவர் தெருவுக்குத் தலைவி. யாரும் ஓட்டுப் போட்டு உட்கார வைக்கவில்லை. தொண்டை பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

தினமும் தள்ளுமுள்ளு. நான் திட்டம் தயாரித்தேன். இன்னொரு தொட்டி வாங்கி, தெருவுக்கு ஒன்றாகப் பிரித்துவிடுவது. லாரியின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் இறங்காமல் தங்கிவிடும் என்பதால் இரண்டாவதாக நிரப்பும் தொட்டிக்குப் பத்துக் குடம் குறையும். அதற்கும் வழி வைத்திருந்தேன். ஒற்றைப்படைத் தேதியில் பள்ளத் தெருவுக்கு முதலில், இரட்டைப்படைத் தேதியில் மேட்டுத் தெருவுக்கு முதலில். காகிதத்தை இளவழகனிடம் நீட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார். "பிரிச்சா சண்டை போயிடுமா மேடம்?"

"போயிடும் சார்."

கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் நடுவில் ஆரம்பித்தோம். ஏப்ரல் முடியும்வரை சண்டை இல்லை. மே மாதமும் இல்லை. நான் டிப்போவில் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். ஆனால் ஒன்றைக் கவனிக்கத் தவறினேன். முன்பு ஒருத்தியை ஒருத்தி பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தவர்கள் இப்போது "மேட்டாளுங்க", "பள்ளத்தாளுங்க" என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். லாரி வந்தால் தன் தொட்டியில் எவ்வளவு ஏறுகிறது என்று யாரும் பார்க்கவில்லை. எதிர்த் தொட்டியில் எவ்வளவு ஏறுகிறது என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

ஜூன் முதல் தேதி காலை பத்து மணிக்கு லாரி போயிற்று. பத்தே காலுக்கு டிரைவர் போன் செய்தார். குடம் கையில் இருந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கஸ்தூரியை ஆட்டோவில் ஏற்றியிருந்தார்கள். தேசம்மாவின் எவர்சில்வர் குடம் கஸ்தூரியின் இடது கண்ணில் பட்டிருந்தது.

கண் ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் தினத்தாள் காலண்டர். தடித்த எழுத்தில் 1. அன்று காலை யாரோ கிழித்த தாள் குப்பைக்கூடையில் முகம் மேலே தெரியக் கிடந்தது. அதில் 31. முப்பத்தொன்று ஒற்றைப்படை. ஒன்றும் ஒற்றைப்படை. அடுத்தடுத்து இரண்டு நாள் பள்ளத் தெருவுக்கே முதல் தண்ணீர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று எண்ணிக்கொண்டிருந்த மேட்டுத் தெருவுக்கு அது பச்சை மோசடி. தேதி பார்த்த பள்ளத் தெருவுக்கு அது நியாயம். இரண்டு தெருவும் உண்மையைத்தான் பேசியிருந்தன. பொய்யான முறையைப் போட்டுக் கொடுத்தவள் நான். மே மாதத்துக்கு முப்பத்தொரு நாள் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தோன்றவில்லை.

உள்ளே போனேன். ஒரு பக்கம் கட்டுப் போட்டிருந்த கஸ்தூரி என் கையைப் பிடித்தாள். "மேடம், இன்னிக்கு எங்க மொறதானே? நீயே சொல்லு. அவ புளுகினாதானே?"

"இப்ப அதெல்லாம் பேசாத கஸ்தூரி. படு."

சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனில் தேசம்மா அதே கேள்வியைக் கேட்டாள். "காலண்டர பாத்துட்டுதான் மேடம் வந்தேன். ஒத்தப்பட தேதி. அவ இன்னாத்துக்கு என்னிய பொய்க்காரின்னா?" அவளுக்கும் நான் பதில் சொல்லவில்லை. அறிக்கையில், "இரு தரப்பினருக்கும் இடையே வாய்த்தகராறு முற்றி" என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை எழுதியதற்கு இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கஸ்தூரிக்கு இடது கண்ணில் பார்வை திரும்பவில்லை. தேசம்மா சில நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தாள். மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. இன்னும் ஒரு முறை அந்த இடத்தில் அடிதடி நடந்தால் லாரி நிறுத்தப்படும். நிறுத்தினால் நூற்றைம்பது குடும்பமும் மெயின் ரோட்டைத் தாண்டி, அடிபம்பு இருக்கும் இடத்துக்கு ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதிலும் உப்புத் தண்ணீர்தான். கஸ்தூரியோ வீட்டுக்கு வந்த அன்றே சொல்லிவிட்டாள்: "ஒரு கண்ணுதானே போச்சு. இன்னொரு கண்ணு கீது. அது கீற வரிக்கும் அவள வுட மாட்டேன்." இதுதான் நிலைமை. ஒரே ஒரு குடம் மறுபடி மேலே போனால் எல்லாம் முடிந்தது.

இளவழகன் மூன்று நாள் அந்த முனையில் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். நான்காம் நாள் வெல்டரைக் கூட்டிப் போனார். இரண்டு தொட்டியையும் மறுபடி முனைக்கே நகர்த்தி, அடியில் ஒரு குழாயால் இணைத்தார். ஒன்றில் ஏறினால் மற்றதிலும் ஏறும், இறங்கினால் இரண்டிலும் இறங்கும். எல்லாக் குழாய்களுக்கும் பொதுவாக ஒரு வால்வு. வால்வின்மேல் ஓர் இரும்புப் பெட்டி. பெட்டிக்கு இரண்டு பூட்டு. இரண்டும் திறந்தால்தான் தண்ணீர். மேட்டுத் தெருவுக்கு ஒரு குடம், பள்ளத் தெருவுக்கு ஒரு குடம், மாறி மாறி. தேதிக் கணக்கே கிடையாது. குடத்தைக் கையில் தூக்கிக்கொண்டு பேசுகிறவர், எந்தத் தெருவானாலும், வரிசைக் கடைசிக்குப் போக வேண்டும்.

"சாவி யார்கிட்ட சார்?"

வழக்கம்போல் பதில் வர நேரமாயிற்று. "கஸ்தூரிகிட்ட ஒண்ணு. தேசம்மாகிட்ட ஒண்ணு."

"சார், அவங்க ரெண்டு பேரும் ஒரே இடத்துல நின்னா கொலை விழும்!"

"அவங்க ரெண்டு பேரும் நிக்க முடிஞ்சா மத்தவங்க எல்லாரும் நிப்பாங்க. மத்தவங்ககிட்ட குடுத்தா இவங்க ரெண்டு பேரும் வீட்ல உக்காந்து நெருப்பு மூட்டுவாங்க."

மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. கைகொடுக்கச் சொல்லவில்லை. சாவியை மட்டும் கொடுத்தார். தேசம்மா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். கஸ்தூரி வாங்கிச் சுருக்குப்பையில் போட்டு, பையை இடுப்பில் செருகினாள். "குடு சார். யாரு தொறக்குறாங்கன்னு பாத்துர்லாம்."

திறக்கவில்லை. லாரி வந்து தொட்டி நிறைந்தது. தேசம்மா வந்து தன் பூட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றாள். கஸ்தூரி வரவேயில்லை. முதல் நாள் போயிற்று. இரண்டாம் நாளும் போயிற்று. ஜூன் வெயிலில் இரண்டு தொட்டி நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு நூற்றைம்பது குடும்பம் மெயின் ரோட்டைத் தாண்டி நடந்தது.

மூன்றாம் நாள் காலை தொட்டியடியில் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "தண்ணிய உள்ள வச்சு பூட்டிகினு வேடிக்க பாக்குறியா மேடம்? ஒன் வூட்ல இப்புடி பூட்டுவியா?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. நான் இளவழகனைப் பார்த்து, "பூட்டை உடைக்கலாம் சார்" என்றேன். அவர் யாரோ கொண்டுவந்து போட்ட நாற்காலியில் பையை வைத்தார். மறுபடி சொன்னேன். பேசவில்லை. தலைக்கு ஏறிவிட்டது எனக்கு. அந்த ஆளின் டம்ளர், நிதானம், நாற்காலியில் பை, எல்லாவற்றின்மேலும் ஒரேயடியாக ஆத்திரம் வந்தது. பக்கத்தில் நின்றவளிடமிருந்து எவர்சில்வர் குடத்தைப் பிடுங்கி, பூட்டை ஒரே போடாகப் போட ஓங்கினேன்.

பக்கத்தில் நின்றவர்கள் பின்னால் ஒதுங்கினார்கள். இளவழகன் மெதுவாகச் சொன்னார்: "மேடம், குடம் கைல இருக்கு."

அண்ணாந்து பார்த்தேன். என் தலைக்கு மேலே, என் இரண்டு கையிலும் குடம். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள், கட்டுக் கட்டாக மனு படித்தவள், இந்த ஜனங்களுக்குப் புத்தி வராது என்று டிப்போவில் அலுத்துக்கொள்கிறவள். கஸ்தூரியின் கண் போன அன்று தேசம்மாவுக்கு என்ன ஆகியிருக்கும் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது. என் கையைப் போல அவள் கையும் தானாக மேலே போயிருக்கும். யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, குடம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல ஒருவர் இருந்தார்.

குடத்தைக் கீழே வைத்தேன். நேராகக் கஸ்தூரி வீட்டுக்கு நடந்தேன்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன்.

"சமாதானம் பேச வந்தியா மேடம்? வேலைய பாரு."

"இல்ல. அன்னைக்கு ஆஸ்பத்திரில ஒரு கேள்வி கேட்ட. நான் பதில் சொல்லல. இப்ப சொல்ல வந்தேன். ஒத்தப்படை, ரெட்டைப்படைன்னு முறை போட்டது நான். மே மாசத்துக்கு முப்பத்தொண்ணு உண்டு. அதுவும் ஒத்தப்படை, மறுநாள் ஒண்ணாந்தேதியும் ஒத்தப்படை. எனக்குத் தோணல. நாள் விட்டு நாள்னு நீ எண்ணினது சரி. தேதி பார்த்து அவ வந்ததும் சரி. தப்பு என்னோடது கஸ்தூரி. ஒரு மாசமா வாயை மூடிக்கிட்டு இருந்ததும் என் தப்புதான்."

அவள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப அவ புளுகலியா?"

"இல்ல."

"நான் அவள பொய்க்காரி, பொய்க்காரின்னு கத்தினேன் மேடம். அதுக்கப்பறம்தான் அவ கொடத்த தூக்குனா."

என்னைத் திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "நீ ஒத்துக்கினா கண்ணு வந்துருமா மேடம்? வராது. ஒன்ன நான் மன்னிக்கல. அவளையும் மன்னிக்கல. கடைக்கு மாவாட்டணும், தண்ணி வோணும். தள்ளு." சுருக்குப்பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

தொட்டியடியில் வழி விட்டார்கள். கஸ்தூரி பூட்டைத் திறந்தாள். பிறகு பெட்டிக்கு இடது பக்கம் நின்ற தேசம்மாவைத் தாண்டி, பார்வை போன கண் அவள் பக்கம் இருக்கும்படி திரும்பி நின்றுகொண்டாள். "ஒன் மூஞ்சிய பாக்க எனக்கு இஷ்டமில்ல. ஒனக்கு இந்தக் கண்ணுதான்." தேசம்மா அழுதுகொண்டே வால்வைத் திருப்பினாள். இளவழகன் டம்ளரை நீட்டி முதல் தண்ணீரைப் பிடித்துக் குடித்தார். மேட்டுக் குடம் ஒன்று, பள்ளக் குடம் ஒன்று என்று ஆரம்பமாயிற்று.

திரும்பி வரும்போது அவரிடம் முப்பத்தொன்று விஷயத்தைச் சொன்னேன். வழக்கத்துக்கு மாறாக உடனே பதில் வந்தது. "கையெழுத்துப் போடும்போது எனக்கும் தோணல மேடம். அறிக்கைய மாத்தி எழுதுவோம். நம்ம ரெண்டு பேர் பேரும் வரட்டும்." எழுதினோம். இருவருக்கும் மெமோ வந்தது. வாங்கிக்கொண்டோம்.

அதன் பிறகு எல்லாம் சுபம் என்று எழுதினால் நான் பொய்க்காரி. அந்தக் கோடையிலேயே இரண்டு தடவை சாவி காணாமல் போயிற்று. ஒரு தடவை தேசம்மா கோபத்தில் சாவியை ஆற்றில் எறிந்தாள், நான் புதுப் பூட்டு வாங்கிப் போனேன். ஒரு தடவை கஸ்தூரியின் கை குடத்தோடு இடுப்புவரை உயர்ந்தது. அவள் தெருக்காரர்களே அவளை வரிசைக் கடைசிக்கு அனுப்பினார்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது போய் நின்றேன். நான்கு வருஷம் அப்படி. திட்டு வாங்காத நாள் இல்லை. அடி மட்டும் மறுபடி விழவில்லை. லாரியும் நிற்கவில்லை. பிறகு எனக்கு மாறுதல் வந்தது.

கிண்டியில் அந்தப் பெண் கேட்டது இதற்குப் பிறகு நடந்ததைத்தான். வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை. தெரியாது என்று விட்டுவிட மனசில்லை. மறுவாரம் பழைய டிப்போவில் விசாரித்து, இரண்டு பஸ் மாறி, ஊருக்கு வெளியே அந்தக் குடியிருப்புக்குப் போனேன். நீடிக்கவில்லை என்றால் அதையும் போய் அந்த நாற்பது பேரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

வரிசை வரிசையாக அடுக்குமாடிகள். எல்லாம் ஒரே மாதிரி. கஸ்தூரியை எங்கே தேடுவது என்று திகைத்து நின்றபோது, மூன்றாவது பிளாக்குக்குப் பின்னாலிருந்து அந்தத் தொண்டை கேட்டது.

"எம்மா நேரண்டி நிக்கிறது? சாவிய வச்சிகினு தூங்கிகினு கீறியா?"

"முட்டி வலிக்குது, மெதுவாத்தான் வருவேன். ஒன்னிய யாரு விடியங்காட்டியும் வந்து நிக்கச் சொன்னது?"

போய்ப் பார்த்தேன். பிளாக்குக்குப் பொதுவான தரைத்தொட்டி. அதன் குழாயின்மேல் தகரத்தில் அடித்த ஒரு பெட்டி. பெட்டிக்கு இரண்டு பூட்டு. இலாகா பூட்டு இல்லை, கடையில் வாங்கியது. யாரும் சொல்லி வைத்ததும் இல்லை. இந்தப் பக்கம் நரைத்துப்போன கஸ்தூரி, அந்தப் பக்கம் முட்டியைப் பிடித்துக்கொண்டு தேசம்மா. என்னைப் பார்த்ததும் கஸ்தூரி, "தோ, தண்ணி மேடம்! நீயே கேளு இவள" என்றாள். அப்போதுதான் கவனித்தேன். அவள் நல்ல கண் தேசம்மா பக்கம் இருக்கும்படி நின்றுகொண்டிருந்தாள்.

"இப்ப இந்தப் பக்கம் நிக்கிறியே கஸ்தூரி?"

"பின்ன? மூஞ்சியப் பாக்காம சண்ட போட்டா இன்னா சொகம் கீது மேடம்?"

"மன்னிச்சிட்டியா?"

"அதெல்லாம் இல்ல" என்றாள் கஸ்தூரி. "அவ ஒண்ணும் மன்னிக்கல" என்றாள் தேசம்மா, ஏதோ தன் வீட்டு விஷயத்தைச் சொல்வதுபோல.

வரிசையில் பின்னால் ஏதோ சத்தம். வேறு இடத்திலிருந்து புதிதாகக் குடிவந்தவள் போலிருக்கிறது, ஒரு பெண் முன்னால் நின்றவளோடு தகராறு செய்துகொண்டிருந்தாள். பேச்சு முற்றியது. அவள் கையிலிருந்த எவர்சில்வர் குடம் தோளுக்கு மேலே போனது. நான் வாயைத் திறப்பதற்குள் கஸ்தூரியும் தேசம்மாவும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் கத்தினார்கள்:

"ஏய், கொடத்த கீழ வை!"

அவள் திடுக்கிட்டுக் கீழே வைத்தாள்.

பிறகு இருவரும் என்னை மறந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தங்கள் சண்டையைத் தொடர்ந்தார்கள்.